கால் நிமிடத்துக்குப் பத்தொன்பது

கடைத்தெருவுக்குக் கிழக்கே பிறக்கிற பிள்ளைகள் கிழக்கு நர்ஸின் கையில் பிறப்பார்கள். மேற்கே பிறக்கிறவர்கள் மேற்கு நர்ஸின் கையில். சுகாதார ஆபீஸ் ஊரை அப்படி நடுவில் கோடு கிழித்துப் பிரித்துக் கொடுத்திருந்தது. ஆஸ்பத்திரி பதினெட்டு மைல் தள்ளி. ஆகவே வலி கண்டவர்கள் வீட்டிலேயே பெற்றார்கள். ரொம்பச் சிக்கலானால்தான் வாடகைக் கார்.

நர்ஸம்மா என்று ஊர் வாய் நிறையக் கூப்பிட்டது கிழக்கு நர்ஸைத்தான். ஒல்லி உடம்பு, கட்டைக் குரல், கேரியரில் தோல் பை கட்டிய சைக்கிள். ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே உத்தரவு ஆரம்பித்துவிடும். "ரெண்டு பாத்திரத்துல தண்ணி கொதிக்கட்டும். பழைய பேப்பர் இருந்தா எடுத்துட்டு வாங்க. நகம் வெட்டாதவங்க கட்டில் பக்கம் வரக்கூடாது. வேடிக்கை பாக்க வந்தவங்க எல்லாம் வாசலுக்கு!" மாமியார்களே வாயை மூடிக்கொண்டு வாசலுக்குப் போனார்கள். புருஷன்மார்களைச் சொல்லவே வேண்டாம். பதினோரு வருஷத்தில் அறுநூற்றுச் சொச்சம் பிரசவம். வலியில் அலறுகிறவளைப் பார்த்து, "கத்துற மூச்சை வீணாக்காத, அதைக் கீழே அனுப்பு" என்று அதட்டுவாள். பிள்ளை பிறந்ததும் அதே பெண்ணின் நெற்றியைத் துடைத்துவிட்டு, யாரும் பார்க்காத சமயமாகப் பார்த்துக் கன்னத்தில் லேசாகத் தட்டுவாள். தட்டு வாங்கியவர்கள் அதட்டலைச் சுத்தமாக மறந்துபோனார்கள்.

அப்பேர்ப்பட்டவள் முப்பத்தேழு வயதில் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் கடைத்தெருவுக்குக் கிழக்கே ஒரே கொண்டாட்டம். இத்தனை வருஷமாக அவளிடம் திட்டு வாங்கியவர்கள் எல்லாரும் வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பிவிட்டார்கள். சைக்கிளில் போனால் வழிமறித்தார்கள். பையைத் தூக்கினால் பிடுங்கிக்கொண்டார்கள். எல்லாருக்கும் தலைவி கீழ் வீட்டுத் தையல்காரம்மா. நாலு பிள்ளைகளை நர்ஸம்மாவின் அதட்டலில் பெற்றவள்.

"எங்களை மட்டும் படி ஏறாத, குனியாதன்னு அந்தப் பாடு படுத்துனீங்களே. இப்ப உங்க வயித்துல இருக்கறது என்ன, தலகாணியா?" என்று மாடிப்படியின் நடுவில் நின்று கேட்பாள். நர்ஸம்மாவுக்குப் பதில் வராது. பதில் வராத நர்ஸம்மாவைப் பார்ப்பதற்கென்றே அந்தப் படியில் நாலு பேர் வந்து நிற்பார்கள்.

சிரிப்புக்கெல்லாம் அடியில் ஒரு விஷயம் இருந்தது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, எல்லாருக்கும் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்பு அவளுக்கு ஒரு பிள்ளை தரித்து, ஏழாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே துடிப்பு நின்றுபோயிற்று. அன்றைக்கு அவள் மூன்று வீட்டுக்குப் போய் மூன்று பெண்களின் வயிற்றில் மரக்குழலை வைத்துப் பிள்ளையின் துடிப்பைக் கேட்டுவிட்டு வந்தவள். தன் வயிற்றில் காது வைக்க ஆளில்லை. அசைவு இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அது தண்ணீரில் மிதக்கிற அசைவு என்று இரண்டு நாள் கழித்துப் புரிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினாள். அடுத்த வாரமே சைக்கிளை எடுத்துவிட்டாள். அழுதாளா என்று கேட்டால் ஊருக்குத் தெரியாது.

ஆகவே இந்தத் தடவை அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பிள்ளையின் துடிப்பைத் தினமும் கேட்க வேண்டும். ஒரு நாள் விடாமல்.

அங்கேதான் வந்தது வினை. நர்ஸ்கள் வைத்திருக்கும் குழல் ஒரு சாண் நீளம். அகன்ற வாயை வயிற்றில் பதித்து, மறுமுனையில் காதை ஒட்டவைத்துக் கேட்க வேண்டும். ஊரில் யார் வயிற்றில் வேண்டுமானாலும் வைக்கலாம், தன் வயிற்றில் மட்டும் முடியாது. கழுத்து அவ்வளவு தூரம் வளையாது. நர்ஸம்மா விடுவாளா? சுவரில் சாய்ந்து பார்த்தாள், ஒருக்களித்துப் பார்த்தாள், எனிமா குவளையின் ரப்பர் குழாயைக் கழற்றி எண்ணெய் ஊற்றும் புனலில் சொருகிக் காதில் வைத்தும் பார்த்தாள். தன் குடல் புரள்கிற சத்தம்தான் இடி மாதிரி கேட்டது.

மேற்கு நர்ஸைக் கூப்பிட்டால் ஒரு நொடியில் முடிகிற காரியம். ஆனால் இரண்டு நர்ஸ்களும் நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள். கடைத்தெருவிலேயே ஒரு வீடு, முன்வாசல் கிழக்கு, பின்வாசல் மேற்கு. அந்த வீட்டில் ஒரு பிரசவத்துக்கு ஒருத்தி முன்வாசல் வழியாகவும் மற்றவள் பின்வாசல் வழியாகவும் போய்ச் சேர்ந்தார்கள். ஒருத்தி தலையைப் பிடித்தாள், ஒருத்தி தொப்புள்கொடியை வெட்டினாள். இருவருமே தங்கள் ரிஜிஸ்தரில் அந்தப் பிள்ளையை எழுதிவிட்டார்கள். பிறந்தவை மொத்தம் இத்தனை, அம்மை குத்தியதில் ஒன்று குறைகிறது, அந்தக் குழந்தை எங்கே என்று ஆபீஸிலிருந்து ஆறு மாதம் கடிதம் வந்துகொண்டே இருந்தது. யார் அடித்துத் திருத்துவது என்பதில் இரண்டு பேரும் ஒற்றைக்காலில் நின்றார்கள். இன்றுவரை யாரும் திருத்தவில்லை. அரசாங்கக் கணக்கில் அந்தப் பையன் இரட்டைப் பிள்ளை.

சட்டப்படி கிழக்கு நர்ஸின் பிரசவத்தை மேற்கு நர்ஸ்தான் பார்க்க வேண்டும். ஏழாம் மாதத் தொடக்கத்தில் அவள் ஒரு தடவை வந்து, சோதித்து, "எல்லாம் சரியா இருக்கு" என்று காற்றைப் பார்த்துச் சொன்னாள்.

"நன்றி சிஸ்டர். வலி வந்தா சொல்லி அனுப்பறேன். அதுவரைக்கும் நீங்க அலைய வேண்டாம்" என்று நர்ஸம்மாவும் அதே காற்றைப் பார்த்துச் சொன்னாள்.

மிச்சம் இருந்தது புருஷன்தான்.

அவர் கடிகாரக்காரர். கீழே முன்பக்கம் கடை, மேலே வீடு. கடையின் சுவர் முழுக்க முப்பது நாற்பது கடிகாரங்கள் ஒன்றுக்கொன்று போட்டி போட்டுக்கொண்டு ஓடும். கண்ணை மூடியபடி நடுவில் நின்று, "மேல் வரிசையில மூணாவது நொண்டுது" என்பார். எடுத்துப் பார்த்தால் நொண்டும். அதிகம் பேசமாட்டார். இரண்டு பேருக்கும் சேர்த்து நர்ஸம்மா பேசிவிடுவதால் அதில் குறை ஒன்றும் தெரிந்ததில்லை. இவ்வளவு நுட்பமான காது வீட்டிலேயே இருக்கும்போது வெளியில் தேடுவானேன் என்று அவளுக்குத் தோன்றியது நியாயம்தான்.

சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு வந்தவரைக் கட்டிலோரம் மண்டியிட வைத்து, குழலைக் கையில் கொடுத்தாள்.

"இந்த இடம்தான். தொப்புளுக்கு இடது பக்கம், நாலு விரல் கீழே. காதை வச்சுக் கால் நிமிஷம் எண்ணுங்க. முப்பதுலேர்ந்து நாப்பதுக்குள்ள இருந்தா நம்ம பிள்ளை ராஜா மாதிரி இருக்குன்னு அர்த்தம். இருபத்தேழுக்குக் கீழ போனா கார் பிடிக்கணும்."

அவர் காதை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். நர்ஸம்மாவுக்கு அவருடைய உச்சந்தலை மட்டும்தான் தெரிந்தது; மற்றதையெல்லாம் அவள் வயிறே மறைத்துக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் கழித்து அவர் தலையைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்தார். மூச்சை அடக்கிக்கொண்டு, வாய் பாதி திறந்தபடி அவள் காத்திருந்தாள்.

"முப்பத்தஞ்சு" என்றார்.

நர்ஸம்மாவின் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. சுவரில் மாட்டியிருந்த அட்டையில் தேதி போட்டு, நிமிஷக் கணக்கில் 'நூற்று நாற்பது' என்று தன் கையாலேயே எழுதினாள். அன்று இரவு பல மாதத்துக்குப் பிறகு அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள்.

அதன்பின் தினமும் அதே நேரம், அதே கட்டில். ஒரு நாள் முப்பத்து நாலு, ஒரு நாள் முப்பத்தாறு, மறுபடி முப்பத்தஞ்சு. "எங்க ட்ரெய்னிங்ல ஒருத்திக்கும் முதல் நாளே கேட்டதில்ல. உங்களுக்கு நர்ஸ் உத்தியோகமே குடுக்கலாம்" என்று மெச்சிக்கொண்டாள். அவர் குழலை வெந்நீரில் கழுவி வைப்பார்.

நாளாக ஆக அவர் இளைத்தார். கண் சிவந்து கிடந்தது. பழுது பார்த்துக் கொடுத்த கடிகாரம் பன்னிரண்டுக்குப் பதிமூன்று அடிக்கிறது என்று ஒருவர் கடை வாசலில் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். இருபது வருஷத்தில் அப்படி நடந்ததே இல்லை. "பிள்ளை பெறப்போறது நீங்களா நானா? ஏன் இப்படி ஆயிட்டீங்க?" என்று நர்ஸம்மா கேலி செய்தாள். முதல் தடவை அப்பனாகப் போகிற ஆம்பிளைகள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள்! வாசலில் மயங்கி விழுந்தவர்களுக்குத் தண்ணீர் தெளித்தவளாயிற்றே.

பதினோரு வாரம் இப்படிப் போயிற்று. ஒரு வியாழக்கிழமை விடியும்போது வலி எடுத்தது.

நர்ஸம்மா படுத்துக்கிடக்கவில்லை. தன் பிரசவத்துக்குத் தானே உத்தரவு போட்டாள். கத்தரியையும் நூலையும் கொதிக்க வைத்தாள். கட்டிலில் பேப்பர் விரித்து, மேலே வெளுத்த துணி போட்டாள். ஒன்பது மணிக்குத் தையல்காரம்மாவை மேற்கு நர்ஸ் வீட்டுக்கு அனுப்பினாள். போனவள் மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள்.

"அவங்க ஒரு பிரசவத்துல இருக்காங்க. இரட்டைப் பிள்ளையாம். நிஜ இரட்டையாம், அதையும் உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க. ஒண்ணு வந்தாச்சு. இன்னொண்ணு வந்ததும் நேரா இங்கதான் வருவாங்க."

நர்ஸம்மாவுக்குச் சிரிப்பு வந்தது; கூடவே வலியும் வந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ!" என்று அலறினாள்.

தையல்காரம்மா இதற்காகத்தான் எட்டு வருஷமாகக் காத்திருந்தாள். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, கட்டைக் குரலில், "கத்துற மூச்சை வீணாக்காத, அதைக் கீழே அனுப்பு!" என்றாள்.

வலி இறங்கியதும் நர்ஸம்மா அவளை முறைத்தாள். "நான் இவ்வளவு மோசமாவா சொல்வேன்?"

"இதைவிட மோசமா சொல்வீங்க" என்றாள் தையல்காரம்மா, அவள் இடுப்பை நீவிவிட்டபடி.

பதினோரு மணிக்கு வலி ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்தது. அப்போதுதான் நர்ஸம்மாவுக்கு உறைத்தது. விடிந்ததிலிருந்து பிள்ளை அசைந்ததாக நினைவில்லை. வலியின் மும்முரத்தில் அசைவு தெரியாமல் போகும், அது அவளுக்குத் தெரியும். நூறு பேருக்கு அவளே சொல்லியிருக்கிறாள். தனக்குத்தானே சொல்லிக்கொண்டபோது மட்டும் அது தேறுதலாக இல்லை.

"என்னங்க, இங்க வாங்க. குழலை எடுங்க."

அவர் மண்டியிட்டார். காதை வைத்தார். சுவர்க் கடிகாரத்தில் கால் நிமிஷம் ஓடியது, அரை நிமிஷம் ஓடியது. தலையைத் தூக்கியவர் குழலை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"எவ்வளவு?"

"முப்பத்து..." என்று ஆரம்பித்தார். மீதி வரவில்லை. "இருபத்திரண்டு."

"என்னது?"

"நேத்து வரைக்கும் பத்தொன்பதுதான் இருந்துது. இன்னிக்குக் கொஞ்சம் ஏறியிருக்கு." முகத்தில் ஒரு அசட்டு நம்பிக்கையோடு அவளைப் பார்த்தார். "ஏறினா நல்லதுதானே?"

"நேத்து முப்பத்தாறுன்னு சொன்னீங்க!"

"பொய்."

"அதுக்கு முந்தின நாள்?"

"எல்லாமே பொய். மொத நாளே பத்தொன்பதுதான் கேட்டுது. தலையைத் தூக்கினா நீ அப்படிப் பாத்துக்கிட்டு இருக்க. போன தடவை ஆஸ்பத்திரி வராந்தாவுல உன் முகம் இருந்துதே, அதை இன்னொரு தடவை பாக்க எனக்குத் தெம்பில்ல. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு..." அவர் குழலை உருட்டிக்கொண்டே இருந்தார். "தினமும் பத்தொன்பது. கூடவும் இல்ல, குறையவும் இல்ல. ஒரே சீரா ஓடுற கடிகாரம் மெதுவா ஓடினாலும் நிக்காதுன்னு நினைச்சுக்கிட்டேன்."

நர்ஸம்மாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. வாயைத் திறந்தாள். திட்டுவதற்கு அவளிடம் பதினோரு வருஷச் சரக்கு இருந்தது. ஆனால் திட்டு வெளியே வருவதற்கு முன்னால் அவளுக்குள் இருந்த நர்ஸ் முந்திக்கொண்டாள். பத்தொன்பது. இன்றைக்கு மட்டும் இருபத்திரண்டு. வலி கண்ட நாளில் ஏறுகிற துடிப்பு யாருடையது?

தன் மணிக்கட்டைத் தானே பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். கால் நிமிஷத்துக்கு இருபத்திரண்டு.

"அது நான்" என்றாள். "இத்தனை நாளா நீங்க கேட்டது என் துடிப்பு."

குழல் வைக்கும்போதெல்லாம் இன்னொரு கையால் தாயின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அப்போதுதான் எது யாருடையது என்று தெரியும். நர்ஸ் படிப்பில் முதல் வாரப் பாடம் அது. அறுநூறு பேருக்குத் தவறாமல் பிடித்தவள், தன் விஷயத்தில் ஒரு நாள்கூடப் பிடித்துப் பார்க்கவில்லை. நூற்று நாற்பது என்று யாராவது சொன்னால் போதும் என்று கிடந்தாள். அவர் சொன்ன பொய்யில் பாதி அவள் கேட்டு வாங்கியது.

அடுத்த நொடி மற்றது புரிந்தது. இவர் கேட்டதெல்லாம் தன் துடிப்பு என்றால், பிள்ளையின் துடிப்பைப் பதினோரு வாரமாக யாருமே கேட்கவில்லை. போன தடவை மாதிரியே. அட்டவணை போட்டு, தேதி எழுதி, அட்டை மாட்டி, கடைசியில் போன தடவை மாதிரியே.

தையல்காரம்மாவுக்குக் கேலியெல்லாம் போய்விட்டது. "மறுபடி போய் அவங்களைக் கூப்பிடட்டுமா?"

"அவங்க வர்றவரைக்கும் என்னால தாங்க முடியாது." நர்ஸம்மா எழுந்து சாய்ந்து உட்கார்ந்தாள். புருஷனிடம் தன் முன்கையை நீட்டினாள். "தினமும் எப்படி வச்சீங்க? இதுல வச்சுக் காட்டுங்க."

அவர் குழலை இரண்டு விரல் நுனியால் பிடித்து, அவள் கைமேல் வைத்தார். வைத்தது தெரியவே இல்லை. கைக்கடிகாரத்தின் மயிரிழைச் சுருளை இடுக்கியால் தூக்கி வைக்கிற பிடி அது. ஊதினால் விழுந்துவிடும்.

"இப்படித்தானா? அழுத்தவே இல்லையா?"

"எப்படி அழுத்தறது? உள்ள பிள்ளை இருக்கே" என்றார்.

நர்ஸம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. இந்த மனுஷனை என்ன செய்வது? அடிக்கவா, மடியில் போட்டுக் கொஞ்சவா? இரண்டுக்கும் நேரமில்லை. அடுத்த வலிக்கு இரண்டு நிமிஷம் இருந்தால் அதிகம்.

வயிற்றை இரண்டு கையாலும் தடவி, பிள்ளையின் முதுகு எந்தப் பக்கம் என்று பார்த்தாள். இடது பக்கம்தான், முன்பைவிடக் கீழே. அவர் கையோடு சேர்த்துக் குழலைப் பிடித்து, அந்த இடத்தில் வைத்து, ஒரு அழுத்து அழுத்தினாள். அவர் பதறினார்.

"உடையாதுங்க. நம்ம பிள்ளை கண்ணாடி இல்ல. காதை வச்சு அமுக்குங்க. இன்னும். இப்பக் குழல்லேர்ந்து கையை எடுங்க. அந்தக் கையால என் மணிக்கட்டைப் பிடிங்க. தெரியுதா? இந்தத் துடிப்பு நான். கடையில முப்பது கடிகாரம் ஓடறப்ப ஒண்ணைத் தனியாப் பிரிச்சுக் கேப்பீங்களே, அப்படிக் கேளுங்க. என்னைத் தள்ளிடுங்க. எனக்குப் பின்னால வேகமா, மெல்லிசா ஒண்ணு ஓடுதான்னு பாருங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

தையல்காரம்மா அடுப்பை அணைத்துவிட்டு, கொதிக்கிற தண்ணீர்கூடக் குரல் காட்டக்கூடாது என்பது போல மூடியைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். தெருவில் ஒரு வண்டி போயிற்று. நர்ஸம்மா அவர் முகத்தையே பார்த்தாள். அதில் ஒன்றுமே இல்லை. ஒரு நிமிஷம் போயிற்று. குழலைத் தள்ளிவிட்டு, வேண்டாம், எனக்கு எதுவும் சொல்ல வேண்டாம் என்று கத்தப்போனாள்.

மணிக்கட்டில் ஏதோ தட்டியது.

அவருடைய விரல். கை நடுங்குகிறது என்றுதான் முதலில் நினைத்தாள். நடுக்கம் இவ்வளவு ஒழுங்காக இருக்காது. பிடித்திருந்த மணிக்கட்டின்மேல் ஆள்காட்டி விரலைத் தூக்கித் தூக்கி வைத்தார். அவள் நாடிக்குப் பொருந்தாமல், அதை முந்திக்கொண்டு, விறுவிறுவென்று. கண் மூடியே இருந்தது. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக் குழலின் விளிம்பில் சொட்டியது.

நர்ஸம்மா கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். அவரைக் கேட்கவில்லை. கேட்டால் ஒரு எண் சொல்வார், எண்ணை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். விரல் ஓடிய ஓட்டம் அவளுக்குத் தெரிந்த ஓட்டம். அறுநூறு வயிற்றில் கேட்டது.

"முப்பத்தேழு" என்றாள்.

"நான் சொல்லல. நீயே எண்ணின" என்றார் அவர். முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவளும் துடைத்துக்கொண்டாள். தையல்காரம்மா முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு, "நல்லா இருக்கு! பிரசவ அறையில மூணு பேரும் அழுதா தண்ணி கொதிக்க வைக்கறது யாரு?" என்று அடுப்பை மறுபடி பற்ற வைத்தாள்.

அப்புறம் ஒவ்வொரு வலி இறங்கியதும் அவர் காதை வைத்தார், விரல் தட்டியது, அவள் எண்ணினாள். முப்பத்தாறு. முப்பத்தெட்டு. ஒரு தடவை வலியின் முடிவில் முப்பதுக்கு இறங்கி, மறுபடி தானாக ஏறியது. அவர் விரலும் தயங்கித் தயங்கிப் பிறகு ஓடியது. "அப்படித்தான், வலியில கொஞ்சம் மூச்சு முட்டும், பிறகு சரியாகும்" என்று அவருக்கு அவளே தைரியம் சொன்னாள்.

ஒரு மணிக்கு மேற்கு நர்ஸ் வந்தாள். பெரிய உடம்பு, பெரிய குரல். படியேறி வருவது கடைத்தெரு வரைக்கும் கேட்டது. "ரெண்டும் பொண்ணு. ரெண்டையும் நான்தான் எழுதப்போறேன், பங்குக்கு வராத" என்று சொல்லிக்கொண்டே கையைக் கழுவினாள். கட்டிலோரம் மண்டியிட்டிருந்த கடிகாரக்காரரைப் பார்த்ததும் புருவத்தைத் தூக்கினாள். "இவர் இங்க என்ன பண்றார்? வாசலுக்குப் போகச் சொல்லு."

"இருக்கட்டும்" என்றாள் நர்ஸம்மா.

"யாரு சொல்றது? ஊர்ல இருக்கற ஆம்பிளைங்களை எல்லாம் விரட்டி அடிச்ச கிழக்கு நர்ஸா?"

"இருக்கட்டும்னு சொல்றேன்ல. அவர் போனா எனக்குக் காது போயிடும்."

தையல்காரம்மா நடந்ததை இரண்டே வரியில் மேற்கு நர்ஸிடம் சொன்னாள். அவள் குழலைப் பதித்து, ஒரு கையால் நர்ஸம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள், மறுகையைக் குழலிலிருந்து எடுத்தாள், காதை அமுக்கினாள். கால் நிமிஷம்தான். "நூத்து நாப்பத்து நாலு. நல்ல முரட்டுப் பிள்ளை. உன் நாடி எண்பத்தெட்டு. ரெண்டு பேரும் தனித்தனியா இருக்கீங்க, போதுமா?" என்றாள். நாலு வருஷத்தில் முதல் தடவையாகக் காற்றைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

பிற்பகல் மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் பிள்ளை பிறந்தது. பெண். பிறந்த மாத்திரத்தில் வீடு இடிந்துவிழுகிற மாதிரி அழுதது. அந்த அழுகைக்காக மூன்று வருஷமாகக் காத்திருந்தவர்கள் அந்த அறையில் இரண்டு பேர். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேசப் பிள்ளை இடம் கொடுக்கவில்லை.

மேற்கு நர்ஸ் துணியில் கட்டித் தூக்கி எடை பார்த்தாள், தொப்புளைக் கட்டினாள், பிள்ளையைச் சுற்றி நர்ஸம்மாவின் பக்கத்தில் வைத்தாள். பிறகு சாமான்களைக் கொதிக்க வைக்கத் தையல்காரம்மாவோடு அடுக்களைக்குப் போனாள். ஜன்னல் வழியாக மத்தியான வெயில் கட்டிலின் கால்மாட்டில் விழுந்திருந்தது. கடிகாரக்காரர் கட்டிலோரத்தில் உட்கார்ந்து பிள்ளையின் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தார். இப்போதும் அதே இரண்டு விரல் நுனிதான்.

நர்ஸம்மாவுக்கு அப்போதுதான் அவரை நிதானமாகப் பார்க்க முடிந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது. சட்டை இரண்டு அளவு பெரிதாகத் தொங்கியது.

"ராத்திரியில என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

"எப்ப?"

"இந்தப் பதினோரு வாரமா. நான் தூங்கினதுக்கப்புறம்."

"ஒண்ணும் பண்ணல. வயித்து மேல கையை வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். பிள்ளை ஒரு தடவை உதைச்சுதுன்னா சரி, இருக்குன்னு தெரியும். கொஞ்சம் கண்ணை மூடுவேன். மறுபடி பயம் வந்துடும். மறுபடி கையை வைப்பேன்."

"விடியற வரைக்குமா?"

"நீ நல்லாத் தூங்கின. அது போதும்னு இருந்துது."

பயத்தைத் தான்தான் சுமக்கிறோம் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அதை முதல் நாள் சாயங்காலமே அவர் வாங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டுவிட்டார். அவள் இலேசாகப் படுத்துத் தூங்கியிருக்கிறாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் நகர்ந்தாள். அந்த ஒற்றைக் கட்டிலில் ஒரு ஆள் ஒருக்களித்துப் படுக்கிற அளவுக்கு இடம் வந்தது.

"படுங்க."

"இப்பவா? கடை..."

"கடையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். பிள்ளையை நான் பாத்துக்கறேன். படுங்கன்னா படுங்க."

பிரசவ வீட்டு உத்தரவு அது. மறுத்துப் பேசி ஜெயித்தவர் ஊரில் யாரும் இல்லை. அவர் படுத்தார். தலை தலையணையைத் தொட்டதா இல்லையா, மூச்சு மாறிவிட்டது. நர்ஸம்மா ஒரு கையைப் பிள்ளையின் மேலும் இன்னொரு கையை அவர் நெஞ்சின் மேலும் வைத்துக்கொண்டு விழித்திருந்தாள்.

மேற்கு நர்ஸ் ஈரக் கையைத் துடைத்தபடி உள்ளே வந்தாள். கட்டிலில் குறட்டை விடுகிறவரைப் பார்த்தாள். பக்கத்தில் சுவரோடு ஒட்டிக்கொண்டு கிடந்த பெற்றவளைப் பார்த்தாள்.

"அடியே, இங்க பிள்ளை பெத்தது யாருடி?" என்று தன் பெரிய குரலில் ஆரம்பித்தாள்.

"மெதுவாப் பேசுங்க அக்கா" என்றாள் நர்ஸம்மா. "பதினோரு வாரம் கழிச்சு இப்பத்தான் தூங்கறார்."

மேற்கு நர்ஸ் வாசலில் கிடந்த தன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படி இறங்கினாள்.